ஆங்கில மதிப்பீட்டுச் செயப்பாட்டுத் தொடர்களும் தமிழாக்கமும் – பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

ஓர் எண்ணிக்கையை எண்ணி அறிந்து கூறுவதும், கிடைத்த சான்றுகளைக் கொண்டு இவ்வளவு இருக்கக்கூடும் என அளவிட்டுக் கூறுவதும் வெவ்வேறு மொழிச்செயல்கள் ஆகும். பின்னதைக் கூறுவதற்கு ஆங்கில உரைநடை, சிறப்பாக அறிவியல், ஆட்சித்துறை உரைநடை, செயப்பாட்டுவினையைப் பெரிதும் நாடுகிறது. ‘எஸ்டிமேட்’ என்னும் வினையிலிருந்து அமையும் இத்தொடர்களை ‘மதிப்பிடப்படுகிறது’ என்னும் ஒரே வாய்பாட்டால் தமிழாக்குவது இன்று வழக்காகிவிட்டது. இவ்வாய்பாடு எங்குப் பொருந்துகிறது, எங்குப் பொருளைத் திரிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதற்குப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகள் தக்க களமாகின்றன. சித்தூர், தேவிகுளம், பீருமேடு வட்டங்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. ஒரே மலை, ஒரே ஆறு, ஒரே விலங்கினம் பற்றிய செய்தி இங்கு ஆங்கிலம், மலையாளம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் வழங்குகிறது. எனவே மொழிபெயர்ப்பில் நேரும் சிறு பிறழ்ச்சியும் இங்கு விளைவுடையது.

ஆங்கில அமைப்புகள்

ஆங்கிலத்தில் இப்பொருளில் நான்கு அமைப்புகள் வழங்குகின்றன. ‘இட் இஸ் எஸ்டிமேட்டட் தட்’ எனத் தொடங்குவது ஒன்று. இதில் எழுவாய் இடத்தில் பொருளற்ற பெயரே நிற்கும். ‘இஸ் எஸ்டிமேட்டட் டு பி’ என்பது இரண்டாவது. இதில் துணைத்தொடரின் எழுவாய் முதன்மைத் தொடருக்கு உயர்த்தப்படுகிறது. ‘இஸ் எஸ்டிமேட்டட் அட்’ என எண்ணை நேரடியாகச் சார்வது மூன்றாவது. ‘ஏன் எஸ்டிமேட்டட்’ எனப் பெயரடையாகச் சுருங்கி எண்ணின் முன் நிற்பது நான்காவது.

இந்நான்கிற்கும் பொதுவான பண்புகள் மூன்று. முதலாவது, மதிப்பிட்டவர் யார் என்பது தொடரில் வெளிப்படுவதில்லை. ஆயினும் துறை வல்லோர் எவரோ உளர் என்னும் குறிப்பு உண்டு. இரண்டாவது, எண் எண்ணப்பட்டதன்று, வருவிக்கப்பட்டது என்பது உணர்த்தப்படுகிறது. மூன்றாவது, ‘எஸ்டிமேட்டட்’ என்னும் சொல் எண்ணுக்கு முன்னரே வந்துவிடுகிறது. படிப்பவர் எண்ணைக் காண்பதற்கு முன்பே அதன் தன்மையை அறிகிறார்.

தமிழில் நேரும் மாற்றம்

தமிழில் வினை தொடரின் இறுதியில் நிற்பது. ‘இத்தனை விலங்குகள் உள்ளன என மதிப்பிடப்பட்டுள்ளது’ என்னும் தொடரில் எண் முதலிலும், அதன் தன்மையைக் கூறும் வினை இறுதியிலும் வருகின்றன. ‘உள்ளன’ என்னும் முற்றுவினை இடையில் உறுதிப்பொருளையே தருகிறது. செய்தித் தலைப்பிற்காகத் தொடர் சுருங்கும்போது முதலில் உதிர்வது இறுதி வினையே. மதிப்பீடு உண்மைக் கூற்றாக மாறுவது இவ்வாறே. ‘மதிப்பீட்டின்படி’ எனத் தொடரைத் தொடங்கினால் ஆங்கிலத்தின் முறைவைப்பு தமிழிலும் காக்கப்படும்.

காலமும் கருதத்தக்கது. ஆங்கில நிகழ்கால வடிவம், ஒருமுறை செய்து முடித்த மதிப்பீட்டையும் பொதுவாக நிலவும் மதிப்பீட்டையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் முன்னதற்கு ‘மதிப்பிடப்பட்டுள்ளது’ என்பதும், பின்னதற்கு ‘மதிப்பிடப்படுகிறது’ என்பதும் பொருந்தும். இவ்வேறுபாட்டைக் கருதாது எங்கும் நிகழ்காலமே இடுவது, முடிந்த ஆய்வை முடிவுறாத பேச்சாகக் காட்டிவிடும்.

வரையாடும் புலியும்

2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒரே காலத்தில் மேற்கொண்ட ஆய்வில் வரையாடுகளின் தொகை 2,668 என அறிவிக்கப்பட்டது. இதில் கேரளத்தின் பங்கு 1,365. தமிழ்நாட்டின் பங்கு 1,303. இடுக்கி மாவட்டத்து எரவிகுளம் தேசியப் பூங்கா கேரளப் பகுதியின் முதன்மை வாழிடம். இத்தகைய தொகைகளைத் தமிழில் ‘கணக்கெடுப்பு’ என்னும் சொல்லால் வழங்குகின்றனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரையும் எண்ணுவதே நோக்கம். விலங்காய்வில் அஃது இயலாது. மலைச்சரிவு விலங்குகளுக்குக் கையாளப்படும் முறைகளுள் ஒன்றில், ஓரிடத்தைப் பலமுறை பார்த்து எண்ணி, மிக உயர்ந்த எண்ணை இரட்டித்து, அதிலிருந்து அடுத்த உயர்ந்த எண்ணைக் கழிக்கின்றனர். 40, 36 என அமைந்தால் விடை 44. ஒருவரும் நாற்பத்து நான்கு விலங்குகளைக் கண்டதில்லை. எனினும் அவ்வெண் ஊகமன்று.

இவ்விடத்தில் ‘ஏறத்தாழ’, ‘சுமார்’ என்னும் சொற்கள் உதவா. அவை முழுமையாக்கிய எண்களையே வேண்டுபவை. ‘ஏறத்தாழ 2,668’ என்பது தமிழ்ச்செவிக்கு முரணாகும். ஆங்கிலச் சொல் எண் வந்த வழியைக் குறிக்கிறது. தமிழ்ச்சொல் எண்ணின் தெளிவின்மையைக் குறிக்கிறது.

புலி பற்றிய 2022ஆம் ஆண்டு மதிப்பீடு மற்றொரு சான்று. இந்தியப் புலிகளின் குறைந்த அளவு 3,167 என 2023 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு சூலையில் சராசரி 3,682 எனவும் உச்ச அளவு 3,925 எனவும் அறிவிக்கப்பட்டன. ‘3,167 புலிகள் உள்ளன’, ‘3,682 புலிகள் உள்ளன’ எனத் தமிழாக்கினால், பெரியாறு, பறம்பிக்குளம் காப்பகங்களை அடுத்து வாழ்வோர் நான்கு திங்களில் புலிகள் ஐந்நூறு பெருகின எனக் கொள்ள நேரும். ‘குறைந்தது’, ‘சராசரியாக’ என்னும் சொற்கள் ஈண்டு இன்றியமையாதவை.

கருதுதலும் எதிர்பார்த்தலும்

இவ்வகைத் தொடர்களுக்கு இனமான வேறு செயப்பாட்டு வடிவங்களும் உள. ‘இஸ் கன்சிடர்ட் சேஃப்’ என்பது ஆங்கில ஆட்சிநடையில் முறையான முடிவைக் குறிக்கலாம். ‘பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது’ என்னும் தமிழ்த்தொடரோ, கருத்து அவ்வாறு. உண்மை எவ்வாறோ என்னும் ஐயத்தை எழுப்புகிறது. முல்லைப் பெரியாறு அணை குறித்து உச்ச நீதிமன்றம் 2010இல் அமைத்த குழு 2012இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7ஆம் நாள் தீர்ப்பில் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த நீதிமன்றம் இசைந்தது. அணையின் கீழ்ப்புறத்து இடுக்கி மக்களுக்கும், அந்நீரால் பயிரிடும் தேனிப் பகுதி உழவர்க்கும் இத்தகைய ஆவணத்தின் ஒரு வினைமுற்று வாழ்வோடு தொடர்புடையது. ‘குழு முடிவு செய்தது’ என்பதும் ‘கருதப்படுகிறது’ என்பதும் அங்கு ஒன்றல்ல.

‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்பதும் அத்தகையதே. தமிழில் எதிர்பார்த்தல் பெரும்பாலும் விருப்பத்தைத் தழுவியது. மழை எதிர்பார்க்கப்படலாம், உயிரிழப்பு எதிர்பார்க்கப்படுவதன்று, அஞ்சப்படுவது.

பேச்சுவழக்கும் அயல்மொழித் தாக்கமும்

மக்கள் வழக்கில் மதிப்பீட்டுக்குச் செயப்பாட்டுவினை வேண்டப்படுவதில்லை. கொழுந்துக் கூடையைப் பார்த்து ‘இருபது கிலோ இருக்கும்’ என்பர். தென்னந்தோப்பை நோக்கி ‘ஆயிரம் காய் தேறும்’ என்பர். எதிர்கால வினைமுற்றே இங்கு உத்தேசத்தை உணர்த்துகிறது. ‘பத்துப் பதினைந்து’ என எண்களை அடுக்குவதும் இப்பயன் கருதியதே. ‘உள்ளனவாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ ஈறு கேள்வியறிவையே சுட்டும். கூறுவோரின் நம்பிக்கையின்மையையும் அது குறிக்கக்கூடுமாதலால் அறிக்கைக்கு ஏற்றதன்று.

மலையாளம் வழியாகத் தமிழாக்குவோர்க்கு மற்றொரு இடர் உண்டு. மலையாளத்தில் ‘கணக்காக்கப்பெடுந்நு’ என்பது மதிப்பிடுதலைக் குறிக்கும்; தமிழில் ‘கணக்கிடப்படுகிறது’ என்றால் துல்லியமாகக் கூட்டிக் கழித்தலே முதற்பொருள். மலையாள ‘ஏகதேசம்’ தோராயத்தைக் குறிக்கும். தமிழில் ‘ஏகதேச உருவகம்’ என்புழி ஒரு பகுதி என்னும் பொருளிலேயே அது பயில்கிறது.

முடிவுரை

ஆங்கிலத் தொடரில் காக்கப்பட வேண்டியது செயப்பாட்டு வடிவமன்று. அவ்வடிவம் சுமந்துவரும் செய்தியே. மதிப்பிட்டவர் மூலத்தில் அறியப்படுவாராயின் ‘வனத்துறையினர் மதிப்பிட்டுள்ளனர்’ எனச் செய்வினையாக்குதல் நன்று. அறியப்படாவிடத்து ‘மதிப்பீட்டின்படி’ என எண்ணுக்கு முன் நிறுத்தல் வேண்டும். பொதுப்பணி வழக்கில் வேரூன்றிய ‘மதிப்பீட்டில்’ என்னும் பெயர்வடிவம் செலவுத்தொகைக்குப் போதுமானது. ‘மதிப்பிடப்படுகிறது’ என்பதை முற்றாக விலக்க வேண்டியதில்லை. பொதுவாக நிலவும் மதிப்பீடு என்னும் தனக்குரிய பொருளில் அது நிற்கட்டும். எண்ணப்பட்டது எது, அளவிடப்பட்டது எது, கருதப்பட்டது எது எனப் பிரித்தறியும் வாய்ப்பு, மூலத்தை நேரே படிக்கவியலாத எல்லைப்புறத் தமிழ் வாசகர்க்கு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கிடைக்கிறது.