மாரடைப்புக்குப் பின் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லலாமா?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நாளில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை உணவைப் பற்றியவை. முட்டை சாப்பிடலாமா, குழம்பில் தேங்காய் சேர்க்கலாமா என்பவை முதலில் வரும். மிதிவண்டியைப் பற்றிய கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில், அறை வாசலில் நின்றபடி கேட்கப்படும். கேட்பவர் நோயாளி. அவருக்குப் பின்னால் நின்று, ‘வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்’ எனக் கண்ணாலேயே எங்களை வேண்டுபவர் அவருடைய மனைவி.

பல்லடம், சூலூர், அவிநாசி வட்டாரக் கிராமங்களிலிருந்து நூற்பாலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் கட்டட வேலைக்கும் நாள்தோறும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் மிதிவண்டியில் செல்வோர் இன்றும் பலர். காலை ஆறு மணி ஷிப்டுக்குச் சென்று சேரப் பேருந்து இல்லாத ஊர்கள் உள்ளன. இரவுக் காவல் முடிந்து திரும்புவோருக்கும் அதே நிலைதான். இவர்களுக்கு மிதிவண்டி உடற்பயிற்சிக் கருவி அன்று. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான பாலம். ஆகவே, ‘ஓட்டலாமா’ என்ற கேள்விக்குள் ‘வேலை நிலைக்குமா’ என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது. இதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

உணர்த்தியவர் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. வயது 52. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, போக 14, வர 14 கிலோமீட்டர் மிதித்தவர். மாரடைப்பு ஏற்பட்டு, அடைபட்ட இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, நான்காம் நாள் வீடு சென்றார். விடுவிப்புக் குறிப்பில் ‘கடின உழைப்பைத் தவிர்க்கவும்’ என எழுதியிருந்தோம். எது கடின உழைப்பு, எத்தனை நாளுக்குத் தவிர்ப்பது என்று எழுதவில்லை. அவருடைய மகன்கள் அதைத் தம் அன்புக்கு ஏற்பப் பொருள்கொண்டு, மிதிவண்டியைத் திண்ணைத் தூணில் சங்கிலியால் பூட்டி, சாவியைத் தாயிடம் கொடுத்துவிட்டனர். ஐந்து மாதங்கள் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வந்தபோது எடை ஆறு கிலோ கூடியிருந்தது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை கட்டு மீறியிருந்தது. ஆலையில் அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். இதயம் நன்றாகவே துடித்துக்கொண்டிருந்தது. அவரை வீட்டில் உட்கார வைத்தது நோயன்று, நாங்கள் விளக்காமல் விட்ட ஒரு வரி.

மாரடைப்பு வந்தவர் அசையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. பல வாரங்கள் படுக்கையில் கிடத்துவதே அன்றைய சிகிச்சை. 1953இல் இங்கிலாந்து மருத்துவர் ஜெரி மாரிஸ், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆய்வொன்றை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான பால் டட்லி வைட், உடலுழைப்பையும் குறிப்பாக மிதிவண்டியையும் விடாமல் வலியுறுத்தியவர். பாஸ்டன் நகரில் ஆற்றங்கரையோர மிதிவண்டிப் பாதை ஒன்று இன்றும் அவர் பெயரில் உள்ளது. அண்மைக்கால ஆய்வுகளும் அதே திசையைக் காட்டுகின்றன. பிரிட்டனில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், மிதிவண்டியில் வேலைக்குச் சென்றவர்களிடம் இதய நோயும் இறப்பும் ஏறத்தாழ நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காணப்பட்டன. நல்ல உடல்நிலை உள்ளவர்களே மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும் என்பதால், அந்த எண் முழுவதையும் மிதிவண்டியின் கணக்கில் எழுத நாங்கள் தயங்குகிறோம். ஆனால் திசையில் ஐயமில்லை.

‘அப்படியானால் இத்தனை ஆண்டுகள் மிதித்தவருக்கு ஏன் வந்தது?’ என்று அவருடைய மூத்த மகன் கேட்டார். நியாயமான கேள்வி. மிதிப்பது ஆபத்தைக் குறைக்கும், அழித்துவிடாது. அவர் நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி பிடித்துவந்தார். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை விட்டுவிட்டு உண்பவராக இருந்தார். மிதிவண்டி ஒரு கையால் கொடுத்ததைப் பீடி மறு கையால் பறித்துக்கொண்டது.

அவரிடம் பேசியபோது தெரியவந்த இன்னொரு செய்தி எங்களை அதிகம் வருத்தியது. வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் உண்டு. மாரடைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே அந்த மேட்டில் பாதி ஏறும்போது மார்பின் நடுவில் ஓர் இறுக்கம் வந்திருக்கிறது. இறங்கித் தள்ளினால் சில நிமிடங்களில் மறைந்துவிடும். வாயுத் தொல்லை என எண்ணிச் சீரகம் மென்றிருக்கிறார். பின்னர் அந்த இறுக்கம் மேம்பாலத்துக்கு முன்பே, சமதரையிலேயே வரத் தொடங்கியது.

இதை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறோம். ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே வேகம் என நாள்தோறும் நீண்ட தொலைவு மிதிப்பவர், தம்மை அறியாமலே நாள்தோறும் தம் இதயத்தைச் சோதித்துக்கொள்கிறார். உழைப்பு கூடும்போது வந்து, நிறுத்தினால் அடங்கும் மார்பு இறுக்கம், குறுகிய தமனி தரும் எச்சரிக்கை. அது தாடையிலோ இடத் தோளிலோ மேல் வயிற்றிலோகூடத் தோன்றலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலாக மட்டும் வரலாம். சென்ற மாதம் மிதித்தே ஏறிய மேட்டில் இந்த மாதம் இறங்க வேண்டியிருந்தால் அது ஒரு செய்தி. மேடு இல்லாத இடத்திலும் இறங்க வேண்டியிருந்தால் அது அவசரச் செய்தி. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். வயதாகிவிட்டது என்று தள்ளிவிடக் கூடாது.

இனி, சிகிச்சைக்குப் பின் ஓட்டலாமா என்பதை எவ்வாறு முடிவு செய்கிறோம் எனப் பார்ப்போம். உழைப்பை அளக்க ‘மெட்’ என்ற அலகு உண்டு. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட். சமதரையில் இயல்பாக நடப்பதற்கு மூன்று முதல் மூன்றரை மெட் தேவை. மணிக்கு 15 கிலோமீட்டருக்குள் நிதானமாக மிதிப்பதற்கு ஏறத்தாழ நான்கு. வேகம் 16 முதல் 19 கிலோமீட்டராகக் கூடினால் ஏழு. அதற்கும் மேல் சென்றால் எட்டைத் தொடும். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று விரைந்து மிதிப்பவர் நான்கிலிருந்து ஏழுக்குத் தாவிவிடுகிறார் என்பதே இதன் பொருள்.

டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுகிறோம். முதல் கட்டத்தை முடிப்பவரின் திறன் ஏறத்தாழ ஐந்து மெட். இரண்டாம் கட்டத்தை முடிப்பவருடையது ஏழு. நம் நண்பர் இரண்டாம் கட்டத்தை வலியின்றி முடித்தார். ஏழு மெட் அவருடைய உச்சம். உச்சத்திலேயே ஒரு மணி நேரம் எவராலும் மிதிக்க இயலாது. உச்சத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தைத் தொடர் உழைப்புக்கான வரம்பாகக் கொள்கிறோம். அவருக்கு அது நான்கு மெட்டைச் சற்றே கடக்கிறது. எனவே சமதரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். 14 கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். முன்பு ஐம்பது நிமிடத்தில் சென்றவர், இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். நாங்கள் எழுதித் தந்த மருந்துச் சீட்டுகளிலேயே மிகப் பயனுள்ளது இந்த இருபது நிமிடம்தான் என்று நினைக்கிறோம்.

மேம்பாலத்தின் கணக்கு வேறு. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் மேட்டில் அதே வேகத்தில் மிதித்து ஏறக் கால்கள் சமதரையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். அது எட்டு மெட்டுக்கு மேல். அவருடைய உச்சத்தையே தாண்டுகிறது. அங்கே இறங்கித் தள்ள வேண்டும், அதுவும் மெதுவாக. இறங்கித் தள்ளுவதை இழுக்காக எண்ணும் மனம் நம் ஆண்களிடம் உண்டு. எங்களால் அதற்கு மருந்து தர முடியவில்லை.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை இவ்வட்டாரத்தார்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேற்கு நோக்கி 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்மீது எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், காற்றின் எதிர்ப்பு விசை காற்றில்லாத நாளைவிட ஏழு மடங்காகும். அத்தகைய நாள்களில் வேகத்தைப் பாதியாக்க வேண்டும். இயலாதெனில் பேருந்தையோ உடன் பணிபுரிபவரின் வண்டியையோ நாட வேண்டும். கேரியரில் அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை ஆகியவற்றை ஏற்றும் வழக்கத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும்.

எப்போது தொடங்கலாம் என்பது சிகிச்சையைப் பொறுத்தது. மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் பொருத்தியிருந்தால் சில நாள்களுக்கு அந்தக் கையால் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிக்கக் கூடாது. தொடை வழியாகச் செய்திருந்தால் ஒரு வாரமாவது மிதிக்கக் கூடாது. மாரடைப்புக்குப் பின் சாலையில் ஓட்ட, நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து, எக்கோ மற்றும் டிரெட்மில் சோதனைகளைப் பார்த்த பிறகே நாங்கள் அனுமதிக்கிறோம். பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் மார்பெலும்பு கூடும்வரை மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இதயத்தின் சுருங்கும் திறன் மிகக் குறைந்தவர்கள், துடிப்பு ஒழுங்கற்றவர்கள், ஓய்விலும் வலி வருபவர்கள் ஆகியோருக்கு இக்கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் தம் மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்.

மருந்துகளைப் பற்றிச் சில சொற்கள். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் உண்கிறார்கள். இவை இரத்தம் உறைவதைத் தடுப்பதால், கீழே விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே கசிவு கூடுதலாகும். ஆகவே மிதிவண்டிக்கும் தலைக்கவசம் தேவை. ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். தலையில் அடிபட்டால் காயம் சிறிதாயினும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். விழுந்துவிடுவோம் என அஞ்சி இம்மாத்திரைகளைத் தாமே நிறுத்துவது, விழுவதைவிடப் பெரிய ஆபத்து. மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கிவைப்பதால், நாடியை எண்ணி உழைப்பை அளக்க முடியாது. அதற்குப் பதில் எளிய வழி ஒன்று உண்டு: மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தொலைவு மிதிக்கக் கூடாது. மிதிக்கும் நாளில் தொடையில் போட்ட இன்சுலின் விரைவாக இரத்தத்தில் கலக்கும். வயிற்றில் போடுவது நல்லது. நடுக்கம், வியர்வை, கண் மங்கல் தோன்றினால் உடனே இறங்கி, மூன்று தேக்கரண்டி சர்க்கரைக்கு ஈடானதை உட்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் அது எப்போதும் இருக்கட்டும்.

வழியில் மார்பு இறுகினால் வண்டியை நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, மருத்துவர் தந்திருந்தால் சார்பிட்ரேட் மாத்திரையை நாவின் அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டே வைத்தால் இரத்த அழுத்தம் குறைந்து மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். ‘ஆலை பக்கந்தானே’ என்று மிதித்தே சென்று சேர்ந்தவர்களை நாங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சந்தித்திருக்கிறோம்.

நம் நண்பருக்கு முதல் மாதம் மருத்துவமனையின் நிலைமிதிவண்டியில் வாரம் மூன்று நாள் பயிற்சி அளித்தோம். அடுத்த மாதம் ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி வாரந்தோறும் கூட்டினார். முதல் இரு வாரங்கள் இளைய மகன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தார். அது தமக்குப் பெருந்தொல்லை என்று அவர் எங்களிடம் புகார் கூறினார். பீடியை விட்டுவிட்டார். பழைய ஆலையில் இடம் இல்லை. ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் வேறோர் ஆலையின் பண்டகசாலையில் வேலை கிடைத்துள்ளது. அந்த வழியில் மேம்பாலம் இல்லை. சென்று சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு தவறிய அழைப்பு கொடுப்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் இடையேயான உடன்பாடு. சங்கிலியின் சாவி இன்னும் அந்த அம்மாவிடம்தான் உள்ளது. காலையில் மாத்திரை உண்ட பிறகே தருகிறாராம்.

எங்கள் விடுவிப்புக் குறிப்பில் இப்போது ‘கடின உழைப்பைத் தவிர்க்கவும்’ என்ற வரி இல்லை. வேலைக்கு எவ்வாறு செல்கிறீர்கள், எத்தனை கிலோமீட்டர், வழியில் மேடு உண்டா என்ற மூன்று கேள்விகள் உள்ளன. அவற்றை நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.