பித்தளைக் கைப்பிடி சொல்லும் கதை

பழைய மரப்பெட்டி பேசுமா? கேட்கத் தெரிந்தவர்களுக்கு அதன் சிறு கைப்பிடிகூடத் தன் வரலாற்றைச் சொல்லும். அமெரிக்க நாட்டின் பழங்கால இழுப்பறைப் பெட்டிகளைக் கொண்டு இதனை அறிவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாஸ்டன், நியூபோர்ட், பிலடெல்பியா ஆகிய நகரங்களில் கைதேர்ந்த தச்சர்கள் பலர் இருந்தனர். துணிமணிகளை மடித்து வைப்பதற்கென்று, வால்நட், செர்ரி, மஹாகனி மரங்களில் இழுப்பறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டிகள் செய்தனர். மரவேலை அமெரிக்கருடையது, அதை அழகு செய்த பித்தளைக் கைப்பிடிகளில் பெரும்பாலானவையோ இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து கப்பலேறி வந்தவை.

காலம் மாற மாறக் கைப்பிடியும் மாறியது. 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது நீர்த்துளிபோல் தொங்கியது. பின்னர், வௌவால் சிறகு விரித்தாற்போன்ற தகடும் அதன்மேல் வளைந்த பிடியும் வந்தன. 1790-க்குப் பின் முட்டை வடிவத் தகடுகள் பரவின. மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, பூவும் பழமும் கழுகும் பொறித்தனர். 1776-இல் விடுதலையை அறிவித்த அமெரிக்கர், தம் நாட்டுச் சின்னமான கழுகைப் பொறித்த தகடுகளையும் இங்கிலாந்திலிருந்தே வாங்கினர் என்பது வியப்பல்லவா?

கைப்பிடி உடைந்தாலும், நாகரிகம் மாறினாலும், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. ஆனால் இழுப்பறையை உருவி, முன்பலகையின் உட்புறத்தைப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். மிகப் பழைய கைப்பிடிகளை மாட்ட, வளைத்த கம்பியைத் துளையில் செருகி, உள்ளே அதன் இரு முனைகளையும் விரித்து மடக்கினர். அந்த முனைகள் அழுந்திய தழும்பு மரத்தில் இன்றும் இருக்கும். பிற்காலத்தில் மரையிட்ட தண்டும் நட்டும் வந்தன. கம்பித் தழும்புக்கு அருகே வேறு துளைகளும் இருந்தால், கைப்பிடி மாற்றப்பட்டது என்று அறியலாம்.

இழுப்பறையின் மூலைகளும் பேசும். புறாவின் வால்போல் விரிந்த பற்களைக் கையால் அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பர். கை வேலையாதலால் பற்கள் ஒரே அளவாக இரா. அந்த ஏற்றத்தாழ்வே அதன் பழமைக்குச் சான்று!

பழைய பெட்டியைப் புதிதாக்க எண்ணி மரத்தைச் சுரண்டி மெருகேற்றுவோரும் உண்டு. பளபளப்பு கூடும், ஆனால் காலம் தந்த நிறமும் மதிப்பும் போய்விடும். போனால் திரும்பி வாரா.

நாமும் இதிலிருந்து பாடம் கற்போம். வெளியே மின்னும் பித்தளையை எவரும் மாற்றிவிடலாம்; உள்ளே பதிந்த தழும்பை மறைப்பது அரிது. இறைவன் காண்பது உள்ளத்தையே அல்லவா? மனமென்னும் இழுப்பறையை யார் திறந்து பார்த்தாலும் நாணாதபடி வாழ முயல்வோமாக!