நாற்பத்திரண்டு பல்லும் ஓர் எலும்பும்

காரியாபட்டிப் பக்கம் ஆடு வாங்கப் போகிறவர், விலை பேசுவதற்கு முன்னால் ஆட்டின் உதட்டை விலக்கிப் பார்ப்பார். ரெண்டு பல்லு என்றால் ஒரு வயதைத் தாண்டியது. நாலு பல்லு என்றால் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. பார்ப்பதும் கீழ்த்தாடையை மட்டும்தான். ஆட்டுக்கு மேலே முன்பல் கிடையாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டு வாசலில் பத்து வருடமாகப் படுத்துக் கிடக்கும் நாயின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. டீ ஆறுவதற்குள் நாம் அதைப் பார்த்துவிடலாம்.

வளர்ந்த நாய்க்கு 42 பல். மேலே 20, கீழே 22. குட்டிக்கு 28 பால்பல். நாலு மாதத்தில் விழத் தொடங்கி ஏழு மாதத்துக்குள் எல்லாம் மாறிவிடும். 2005-ல் தபால்தலையில் ஏறிய நம் ராஜபாளையம் நாய்க்கு நீள மூஞ்சி. பற்கள் வரிசையாக நிற்க இடம் தாராளம். சப்பை மூஞ்சி பக் நாய்க்கும் அதே 42தான் என்பதுதான் வேடிக்கை. இடம் போதாமல் பற்கள் திரும்பியும் நெருக்கியும் நிற்கும், இடுக்கெல்லாம் அழுக்குச் சேரும்.

ஆடு தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அசைபோடும். நாயின் தாடையோ மேலும் கீழும்தான் போகும். கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னத்தின் உள்ளே, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஒரு பெரிய ஜோடி இருக்கிறது. வாயை மூடும்போது கீழ்ப்பல் மேல்பல்லின் உட்புறத்தை உரசிக்கொண்டு ஏறும். நடுவில் அகப்படும் கறி துண்டாகும். நாய் எலும்பை வாயோரத்துக்குத் தள்ளித் தலையைச் சாய்த்துக் கடிப்பது இந்த ஜோடிக்காகத்தான்.

இனி எல்லோரும் வழுக்குகிற இடத்துக்கு வருவோம். எலும்பைப் போட்டால் பல் சுத்தமாகும், உறுதியும் ஆகும் என்கிறோம். உறுதி ஆகாது. பல்லின் மேல் இருக்கும் கடினமான வெள்ளைப் பூச்சான எனாமல், நாய்க்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது; நமக்கு இருப்பதைவிட மெல்லியது. முளைத்த பல்லில் அது மறுபடி வளர்வதும் இல்லை. மாட்டுத் தொடையெலும்பைக் கடிக்கும்போது அந்த மேல்பல்லின் வெளிப்பக்கம் பட்டையாகப் பெயர்ந்துபோவது அடிக்கடி நடப்பது. உள்ளே இருக்கும் நரம்பு வெளியே தெரியும், கிருமி வேர்வரை இறங்கும். மூன்று வேர் கொண்ட அந்தப் பல் கண்ணுக்கு நேர் கீழே ஊன்றியிருப்பதால் சீழ் அங்கே கோத்து வீங்கும். பூச்சி கடித்திருக்கும் என்று நாம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவோம்.

சுத்தம் ஆகும் என்பது பாதி உண்மை. உரசலில் பல்லின் நுனி வெளுக்கும். நோய் தொடங்குவதோ ஈறோரத்தில். தின்றது போக அங்கே கிருமிகள் சேர்ந்து பிசுபிசுப்பான படலம் கட்டும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள உப்புகள் அதில் இறங்கி, ரெண்டு மூணு நாளில் இறுகத் தொடங்கும். வெந்நீர்ப் பானைக்குள் உப்புத்தண்ணி வெள்ளை வெள்ளையாகப் படிந்து ஒட்டுமே, அப்படி. இதுதான் பற்காரை. நாயின் எச்சில் காரத்தன்மை கொண்டது. அதனால் சொத்தைப் பல் அபூர்வம், காரை மட்டும் சீக்கிரம் படியும். ஈறுக்கு அடியில் அது இறங்கினால் பல்லைப் பிடித்திருக்கும் தாடையெலும்பு கரையும். 'நாய் வாய் நாறத்தானே செய்யும்' என்கிறோமே, அந்த நாற்றம் பெரும்பாலும் இந்த அழுகல். 'நல்லாத்தானே சாப்பிடுது' என்பதும் சமாதானம் ஆகாது. வலியோடே தின்னும் பிராணி அது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வாயைத் திறக்க வேண்டாம், உதட்டைத் தூக்கினால் போதும். விரலில் ஈரத்துணி சுற்றியோ பிரஷ்ஷாலோ பல்லின் வெளிப்பக்கத்தை, ஈறோரமாகத் தினமும் தேய்க்கலாம். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். குட்டியிலேயே பழக்கிவிட்டால் முரண்டு பிடிக்காது. நாம் தேய்க்கும் பேஸ்ட் கூடாது: நாய் துப்பாது, விழுங்கும், சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். இறுகிய காரையை மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் மேலே இருப்பது மட்டும் போகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே கிடக்கும்.

பூனைக்கு 30 பல். அதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: ஈறோரத்தில் பல்லை அதன் உடம்பே கரைக்கத் தொடங்கிவிடும், காரணம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் வந்து மோந்துவிட்டுத் திரும்பிப்போகும் பூனைக்குப் பசி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடவும் வேண்டாம். அது பூனையைக் கொல்லும்.

கடைசியாக ஒன்று. வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுக நாய் நின்றால், எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை விட்டுத் துழாவுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறிநோய் கண்ட நாயும் அப்படித்தான் நிற்கும். மருத்துவரைக் கூப்பிடுங்கள். எச்சில் காயத்தில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.