மருத்துவ உதவியாளர்: குமரி மாவட்டத்தில்

மருத்துவ உதவியாளர் என்பவர் மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர். மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரும் புண்ணுக்குக் கட்டுப்போட்ட டிரஸ்ஸரும் இவர்களின் முன்னோடிகள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆங்கில மருத்துவம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் டாக்டர் ராம்சே 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். (நெய்யூர் கல்குளம் வட்டத்தில் உள்ளது, நாஞ்சில் நாடு அதற்குக் கிழக்கே.) சில ஆண்டுகளில் அவர் விலகியதும் பணி நின்றது. பிறகு வந்த டாக்டர் லீச் 1854-ல் நீரில் மூழ்கி இறந்தார். பணி மீண்டும் நின்றது. ஒரே ஒருவரை நம்பிய மருத்துவமனை அவர் போனதும் மூடத்தானே வேண்டும்?

1861-ல் வந்த டாக்டர் ஜான் லோ செய்த ஏற்பாடு வேறு. உள்ளூர் கிறிஸ்தவ இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவ வகுப்பு நடத்தினார். பயிற்சி பெற்றவர்கள் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆறாத புண் போன்றவற்றை அங்கேயே பார்த்தார்கள். தங்களால் முடியாதவற்றை நெய்யூருக்கு அனுப்பினார்கள். லோ 1868-ல் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பணி தொடர்ந்தது.

அன்றைய திருவிதாங்கூரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு அனுமதித்ததே 1859-ல்தான். இன்ன சாதியார் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று வழக்கம் இருந்த நாட்டில், நாடி பார்ப்பதற்குக் கையைத் தொட்டாக வேண்டும். அந்த உதவியாளர்கள் மருந்தோடு இன்னொன்றையும் சுமந்து சென்றார்கள் எனலாம்.

1922, 1924 எவரெஸ்ட் குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் சாமர்வெல் நெய்யூரில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். அவர் பெயரை இம்மாவட்டத்தில் பலரும் அறிவர். அவருக்குக் கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுத்தவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனையின் தொடக்கம் இன்னும் வியப்பானது. 1890-களில் இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் ஒரு குளியலறையில் மருந்தகம் நடத்தினார். அப்போது அவர் மருத்துவர் அல்லர். பிற்காலத்தில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். 1919-ல் வசீரிஸ்தானில் காயமடைந்த வீரர்களைக் காப்பாற்றும்போது உயிரிழந்தார். விக்டோரியா சிலுவை விருது இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது.

1948-ல் மருந்தாளுநர் சட்டம் வந்த பிறகு கம்பவுண்டரின் இடத்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் மெல்ல மெல்லப் பிடித்தார். மற்ற வேலைகள் பல கைகளுக்குப் பிரிந்தன. இரத்த அழுத்தம் பார்ப்பது, டிரிப்ஸ் தீர்வதற்குள் கவனிப்பது, படுத்த படுக்கையானவரைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் வேலைப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாத வேலையும் உண்டு. டாக்டர் சொன்னபோது தலையாட்டிய பாட்டி வெளியே வந்து, “மக்களே, இத சோத்துக்கு முன்னயா பின்னயா?” என்று கேட்பது உதவியாளரிடம்தான். விளவங்கோடு பக்கத்திலிருந்து வருபவருக்கு அதையே மலையாளத்திலும் சொல்ல வேண்டும். மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டால் எவ்வளவு நல்ல சீட்டும் பயன்படாது.

ஆனால் உதவியாளர் மருத்துவர் ஆகிவிட முடியாது. நோயை உறுதிசெய்து தாமாக மருந்து எழுதுவது ஆபத்தானது, சட்டத்திற்கும் புறம்பானது. இத்துறையினர் பலருக்குக் கல்வித்தகுதியும் பதிவும் வகுக்க, 2021-ல் நாடாளுமன்றம் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியோர் நிறைந்த குமரி மாவட்டத்தில், மாதத்தில் ஒருமுறை “எப்படி இருக்கிய?” என்று கேட்டு வருபவர் சில வீடுகளில் அவர் ஒருவர்தான்.