காயத்தோடு வேலைக்கு – 9: ஐஸ் ஹவுஸ் சிஸ்டர்

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். அடையாறில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். 18 வருட சர்வீஸ். "மேனேஜர் 'ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?'ன்னா போதும், கை ஜில்லிட்டுப் போயிடுது" என்றாள். சின்ன வயதில் அப்பா "உள்ள வா" என்று கூப்பிட்டால் அடுத்தது பெல்ட்தான். அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. அது அவள் கைக்கு இன்னும் தெரியவில்லை.

"அடி பட்டதாலதான் நீ இவ்வளவு கெட்டியா நிக்கிறே" என்பார்களாம் சொந்தக்காரர்கள். எனக்கு இந்தப் பேச்சு அறவே ஆகாது. அடி யாரையும் வளர்த்ததில்லை. அடிபட்ட பிள்ளையின் பக்கத்தில் நின்ற ஆள்தான் வளர்த்தது. இதற்கு மயிலாப்பூரிலேயே ஒரு சாட்சி உண்டு.

ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1886-ல் அங்கே பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் அதற்குப் பிறகு என்ன என்பது முன்பே முடிவானது: மழித்த தலை, நார்மடி, ஒரு வேளைச் சாப்பாடு, பின்கட்டு. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர் எதிரே வந்துவிடக் கூடாது. வைவதற்கென்றே 'மொட்டச்சி' என்று ஒரு சொல். என்ன தப்பு செய்தோம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. ஏதோ செய்துவிட்டோம் என்பது மட்டும் எல்லோர் முகத்தையும் பார்த்துத் தெரியும்.

அப்பா சுப்பிரமணிய ஐயர் மகள் தலையில் கத்தி வைக்க விடவில்லை. படிக்க வைத்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்திருந்த சித்தி வாலாம்பாள் துணைக்கு நின்றார். 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் தேறி, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் ஆனார் சுப்புலட்சுமி. உடனே எழும்பூரில் தங்கள் வீட்டிலேயே, தன்னைப் போலவே கணவரை இழந்த நான்கு சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது வயது 25.

பெண்கள் கூடக் கூட, கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸுக்கு விடுதி இடம் மாறியது. 1842-ல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய வட்டக் கட்டடம் அது. இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கே வந்த பெண்களிடம் 'உனக்கு என்னம்மா ஆச்சு?' என்று அவர் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அனுதாபத்தோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஆசிரியைகளாக்கினார். மாதச் சம்பளம் கைக்கு வந்தால் பின்கட்டுக்குத் திரும்ப வேண்டாம். 1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். ஊரே அவரை 'சிஸ்டர்' என்றது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அரசு உதவியில் நடந்த அந்த விடுதி பிராமணப் பெண்களுக்கானது. பின்கட்டு இல்லாத வீடுகளிலும் இதே துக்கம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். வயது வரம்பு வேறு: 18-ஐத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார் சிஸ்டர். பின்னாளில் ராமகிருஷ்ண மிஷன் அதை ஏற்றது, இன்றும் தி.நகரில் நடக்கிறது. அரசு ஊழியர் என்பதால், அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் முறைப்படி சேர முடியவில்லை. ஆனாலும் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய 1929-ம் வருடச் சட்டத்துக்காக வேலை செய்தார். 1942-ல், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெரிய பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் ஆரம்பித்தார்.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் என் ஜூனியர் பசங்களை ஒருநாளும் சும்மா கூப்பிட்டதில்ல, தெரியுமா?" என்றாள். "'பயப்படாதே, வவுச்சர் விஷயம்தான், வா'ன்னு சேர்த்துதான் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்றேன்னு இன்னிக்குத்தான் யோசிக்கிறேன்."

"அதையே உன் மேனேஜர்கிட்ட கேளேன்" என்றேன்.

திங்கட்கிழமை கேட்கப் போகிறாளாம். "கூப்பிடும்போது என்ன விஷயம்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிடுங்க சார்" – போனிலேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

(தொடரும்)