கருக்கலைப்பு பற்றிக் கல்லூரியில் ஒரு பேச்சு: மாணவர் அறிய வேண்டியவை

கருக்கலைப்பு வேண்டாம் என்று கல்லூரி மாணவர்களிடம் பேசும் கிறிஸ்தவ ஊழியம் அமெரிக்க வளாகங்களில் நன்கு வளர்ந்த ஒன்று. அங்கே உருவான வாதங்கள் இந்திய மாணவருக்கும் ஒரு காணொளி தூரம்தான். ஆனால் அந்த நாட்டின் சட்டமும் குடும்பச் சூழலும் வேறு. அதனால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இங்குள்ள நிலைமை தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சு எப்படிப் போகும்?

பெரும்பாலும் பிரசங்கமாக இராது, கேள்வியில் தொடங்கும். "வறுமை என்றால் கலைக்கலாம்" என்று மாணவர் சொன்னால், "அதே வறுமைக்காக இரண்டு வயதுக் குழந்தையைக் கொல்லலாமா?" என்று கேட்பார்கள். கூடாது என்றால், பிரச்சினை வறுமை அல்ல, கருவில் இருப்பது மனித உயிரா என்பதே என்று பேச்சு நகரும். உருவ அளவு, வளர்ச்சி, இருக்கும் இடம், பிறரைச் சார்ந்திருப்பது ஆகிய எதுவும் ஓர் உயிரின் மதிப்பைக் குறைக்காது என்பது அடுத்த படி.

இதற்கு வலுவான எதிர்வாதத்தை 1971இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் வைத்தார். கருவை மனிதராகவே ஏற்றாலும், இன்னொருவரின் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதற்குத் தானாக வந்துவிடாது என்றார் அவர். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான கடமை அந்நியர்களுக்கு இடையே உள்ளது போன்றதல்ல என்பது ஊழியர்களின் பதில்.

சபைகள் என்ன சொல்கின்றன?

கத்தோலிக்கத் திருச்சபை நேரடிக் கருக்கலைப்பை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்பதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடல் இதை அழுத்தமாகச் சொன்னது. புராட்டஸ்டன்ட் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை.

இந்தியச் சட்டம்

கருக்கலைப்பை முறைப்படுத்தும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை கலைக்க ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்கள் வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் போன்ற சில பிரிவினருக்கே அது பொருந்தும். கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் முடிவின்படி 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதி உண்டு. 18 வயதானவருக்குத் தன் சம்மதம் மட்டும் போதும்; பெற்றோர், கணவர் கையெழுத்து தேவையில்லை. கலைத்த பெண்ணின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரியது. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே எது வேறுபடுகிறது?

அமெரிக்காவில் சண்டை பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியது. இந்தியாவில் இன்னொரு கேள்வியும் உண்டு: முடிவெடுத்தது யார்? பெண் சிசு என்பதாலோ, மானம் போய்விடும் என்றோ குடும்பமே கலைக்கச் சொல்வது இங்கே நடக்கிறது. பெண்ணின் சம்மதமின்றிக் கலைப்பது ஆயுள் தண்டனைவரை கிடைக்கக்கூடிய குற்றம். சிசுவின் பாலினத்தைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊழியரும் பெண்ணுரிமை ஆர்வலரும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்க முடியும்.

பேசும்போது

எதிரே இருப்பவர் ஏற்கெனவே கலைத்தவராக இருக்கலாம். அவரிடமிருந்து கதையைப் பிடுங்கக் கூடாது. கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவதும் தவறு. அப்படித் தொடர்பு இல்லை என்று 2003இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய வல்லுநர் கூட்டம் முடிவு செய்தது. பிள்ளையைப் பெற்றுக்கொள்ளச் சொல்பவர் வழியும் காட்ட வேண்டும். குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தை தொடர்பான உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1098. கேட்பவர் மாணவியாக இருந்தால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: வாரக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். விவாதம் முடியும்வரை காத்திராமல் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.