ஹாஃப்மன் டிமோனா

ஹாஃப்மன் எச்36 டிமோனா என்பது ஆஸ்திரியாவில் தயாரிக்கப்பட்ட, இருவர் அருகருகே அமரக்கூடிய பயண மோட்டார் கிளைடர் ஆகும். வோல்ஃப் ஹாஃப்மன் வடிவமைத்த இவ்வானூர்தி 1980 ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பறந்தது.

வடிவமைப்பு

பொதுவாகக் கிளைடர்கள் மேலெழுவதற்கு மற்றொரு வானூர்தியோ, தரையிலுள்ள இழுவை இயந்திரமோ தேவை. டிமோனா தன் மூக்கிலுள்ள 80 குதிரைத்திறன் கொண்ட லிம்பாக் எஞ்சினால் தானே மேலெழும், தொலைதூரமும் பயணிக்கும். வானில் எஞ்சினை நிறுத்தினால், நின்றுபோன விசிறி காற்றைத் தடுக்கும். எனவே விசிறியின் அலகுகளைக் காற்றின் திசைக்கு இணையாகத் திருப்பிவிடலாம். கண்ணாடியிழையாலான இறக்கைகளின் மொத்த அகலம் 16 மீட்டர். சறுக்கு விகிதம் சுமார் 27. அதாவது, அசைவற்ற காற்றில் 1 கி.மீ. உயரம் இழப்பதற்குள் சுமார் 27 கி.மீ. செல்லும். வெளியே நிற்கும் சக்கரங்களின் தடையை எப்போதும் சுமப்பதால், 40க்கு மேல் விகிதமுள்ள தூய கிளைடர்களுக்கு இது ஈடாகாது.

தயாரிப்பு

ஹாஃப்மன் நிறுவனமே பிற்காலத்தில் டயமண்ட் ஏர்கிராஃப்ட் ஆனது. மேம்படுத்தப்பட்ட எச்கே36 சூப்பர் டிமோனா 1989 இல் பறந்தது. அதன் வடிவமைப்பிலிருந்தே கட்டானா என்னும் பயிற்சி வானூர்தி உருவானது.

2008 இல் போயிங் நிறுவனம் மாற்றியமைத்த ஒரு சூப்பர் டிமோனா, ஸ்பெயினில் சுமார் 20 நிமிடங்கள் ஐதரசன் எரிபொருள் மின்கலத்தால் மட்டுமே சமமட்டத்தில் பறந்தது. மேலெழும்போது மட்டும் லித்தியம் மின்கலங்கள் துணைநின்றன. நீண்ட இறக்கைகளால் சமமட்டப் பறப்புக்குக் குறைந்த திறனே போதுமாயிருந்ததால் இச்சோதனை இயன்றது.